கோசு டாக்டர் வளர்த்த புழுக்கள்

நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த காய்கறிப் பையைத் திறந்து பார்க்கிற பல் டாக்டர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரிடம்தான் நான் வேலை பார்த்தேன். யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுகிறேன், இன்னொருவரைக் காட்டிவிடுங்கள் பார்க்கலாம்!

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், கீழே நகைக்கடை, மேலே கிளினிக். வாசல் போர்டில் அவர் பெயரும், பெயருக்குப் பின்னால் ஒரு ரயில் நீளத்துக்குப் பட்டங்களும் இருந்தன. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் 'கோசு டாக்டர்' என்றால் போதும், சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நானே போனை எடுத்து, "வணக்கங்க, கோசு டாக்டர் கிளினிக்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு.

வேலைக்குச் சேரும்போது என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அம்மணி, புழுன்னா பயமுங்களா?"

பூச்சிப்பல்லைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "அதெல்லாம் இல்லைங்க டாக்டர்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்தால், பல் செட் வைக்கிற பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு கோசு இலை. ஒவ்வொரு இலையிலும் ஒரு ஜீவன் நெளிந்துகொண்டிருந்தது. நான் நோயாளி நாற்காலி மேல் ஏறிக் கத்தியதில் கீழே நகைக்கடை செக்யூரிட்டி ஓடிவந்துவிட்டார்.

டாக்டருக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது உழவர் சந்தையில். ஒருநாள் அங்கே வாங்கிய முட்டைக்கோசை நறுக்கும்போது ஒரு பச்சைப் புழு வந்ததாம். மற்றவர்களாக இருந்தால் குப்பையில் போட்டிருப்போம். இவர் அதைப் பல் டப்பாவில் போட்டு, இலை கொடுத்து வளர்த்தார். அது கூடு கட்டி, ஒரு நாள் அரிசி நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பூச்சியாக வெளியே வந்து உட்கார்ந்தது. மடித்த இறக்கையின் நடு முதுகில், வெளிர் நிறத்தில் வைரக் கட்டம் மாதிரி வரிசையாகக் குறிகள். வைரமுதுகு அந்துப்பூச்சி! அன்றோடு அவர் கதை முடிந்தது. "வைரம் பாக்கறதுக்கு எல்லாரும் கீழ் மாடிக்குப் போறாங்க. நாம இங்கயே பாக்கறமுங்க அம்மணி!" என்று மாதத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவார்.

பல்லில் பூச்சி என்று யாராவது வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "பல்லுல பூச்சியெல்லாம் கெடையாதுங்க. அது சும்மா சொத்தை. நெசமாலுமே பூச்சி இருந்தா நான் எத்தனை சந்தோசப்படுவேன்!" என்று ஏமாற்றத்தோடு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் மிஷினைக் கையில் எடுப்பார்.

டப்பாக்களால் வம்பு வராமல் இருக்குமா? ரிட்டயர்டான ஒரு வாத்தியார், புதுப் பல் செட்டை வாங்கிக்கொண்டு நேரே பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குப் போனார். இலை போட்டு, இட்லி வைத்த பிறகு எனக்குப் போன் வந்தது.

"அம்மணி, டப்பாவைத் தொறந்தேனுங்க."

"சொல்லுங்க சார்."

"பல்லு பறந்து போயிருச்சுங்க."

நான் போனைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தால், போனைப் பிடுங்கி, "சார், அது உக்காந்தப்ப றெக்கைய மேல கூப்பி வெச்சுதுங்களா, கூரையாட்டம் கீழ மடிச்சு வெச்சுதுங்களா?" என்று கேட்கிறார். அந்த வாத்தியாரும் பாவம், பொக்கை வாயோடு, "கூரையாட்டந்தானுங்க" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார். டாக்டர் துள்ளிக் குதித்தார். பல் செட்டை ஆட்டோவில் கொடுத்து அனுப்பியது நான்தான்.

அவருடைய பாடம் சுலபம். வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தால் கும்பிடு போடுகிற மாதிரி இறக்கையை மேலே சேர்த்துக்கொள்ளும். உணர்கொம்பின் நுனியில் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அந்துப்பூச்சி பெரும்பாலும் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இறக்கையைச் சரித்துக்கொள்ளும். குமிழ் இருக்காது. புழுவென்றால் அது நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். நடு முதுகைத் தூக்கித் தூக்கி அளந்து போனால் காவடிப்புழு. குருத்துக்குள்ளே புகுந்து குடும்பம் நடத்தினால் குருத்துத் துளைப்பான். தொட்டதும் துடிதுடித்துப் பின்பக்கமாகப் போய், நூல் விட்டுத் தொங்கினால், அதுதான் நம் வைரமுதுகு. கோசு வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பார்க்கிற நிலைமைக்கு என்னையும் கொண்டுவந்துவிட்டார்.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் ஜவுளிக்கடை பாய். கோட்டைமேட்டுக்காரர், தங்கமான மனுஷர். அவருடைய கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் ஆரம்பித்தார் டாக்டர். ஆரம்பித்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பாய் வாயைத் திறக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு டப்பாவில் ஏதாவது ஒன்று தோலுரிக்கும், அல்லது கூடு கட்டும். "பாய், ஒரே நிமிசமுங்க" என்று டாக்டர் எழுந்து போவார். தற்காலிகமாகப் பஞ்சை வைத்து அடைத்து அனுப்பிவிடுவோம். "ஏனுங்க டாக்டர், என்ற பேரன் காலேஜ் முடிக்கறதுக்குள்ள இந்தப் பல்லு முடிஞ்சிருமுங்களா?" என்று பாய் கேட்பார். பேரன் அப்போது எல்.கே.ஜி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான், காரமடைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சரசக்கா, வீங்கிய கன்னத்தோடு வந்தார். ஞானப்பல். பிடுங்கியே ஆக வேண்டும். டாக்டர் மரத்துப்போகிற ஊசியைப் போட்டார். காத்திருக்கிற நேரத்தில் சரசக்கா அலமாரியைப் பார்த்துவிட்டு, அரை வாயால், "எங்க தோட்டத்துலயும் கோசு ஓட்டை ஓட்டையாப் போச்சுங்க" என்றார்.

டாக்டர் நாற்காலியை உருட்டிக்கொண்டு பறந்து வந்தார். "புழு எப்புடி நடக்குதுங்க?"

சரசக்காவுக்கு அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. "ழ்ழ்" என்று ஏதோ வந்தது. பொறுமை இழந்த டாக்டர், "வெரல்ல காட்டுங்க, வெரல்ல!" என்றார். சரசக்கா ஆள்காட்டி விரலை நீட்டி, இன்னொரு கையால் அதைத் தொட்டு, விரலைத் துடிதுடிக்கப் பின்னால் இழுத்து, நாற்காலிக் கைப்பிடியிலிருந்து கீழே தொங்கவிட்டுக் காட்டினார். அத்தனை அழகாக ஒரு புழுவை இன்றுவரை யாரும் நடித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

"வைரமுதுகு!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் வெயிட்டிங் ரூமில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்த உற்சாகத்திலேயே பல்லைப் பிடுங்கினார். சரசக்காவுக்குப் பிடுங்கினதே தெரியவில்லை.

வாய் கொஞ்சம் சரியானதும் சரசக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி அண்ணன் வாழை ஆள். காலங்காலமாகத் தோட்டத்தில் என்ன போடுவது என்பது அவர் முடிவுதான். இந்தத் தடவை சரசக்கா மல்லுக்கட்டி, ஒரு பகுதியில் கோசு போட வைத்திருக்கிறார். அதில் போய்ப் புழு விழுந்துவிட்டது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள தேறலீன்னா டிராக்டர்ல ரொட்டவேட்டர் உட்டு மடக்கி ஓட்டிப்போடுவேங்கறாருங்க. பொறவு தோட்டத்துல என்ன போடறதுன்னு நான் வாயே தொறக்கப்படாதாம்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாயைத் தொறக்க வைக்கறதுதானுங்க என்ற தொழிலே. ஞாயித்துக்கெழமை வாரேன்!"

போனோம். போனோம் என்றால் நானும்தான். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, சொத்தையைக் குத்திப் பார்க்கிற கொக்கிக் கம்பி, நெற்றி விளக்கு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் நெற்றி விளக்கை எரியவிட்டு, டாக்டர் கோசுத் தோட்டத்தில் இறங்கினார். அங்கே நான் கண்ட காட்சியை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பொன்னுச்சாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொசு அடிக்கிற கரண்ட் பேட்டால், தோட்டத்தில் பறந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்தித் துரத்தி அடித்துக்கொண்டிருந்தார். பட்! பட்!

"நிறுத்துங்க!" என்று டாக்டர் கை இரண்டையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

"இதுகதானுங்க டாக்டர், நாள் பூரா கோசு மேலயே சுத்துதுக!"

"அது தேன் குடிக்க வந்த விருந்தாளிங்க! உங்க வேலியில ஆதண்டை முள்ளு இருக்குது பாருங்க, அதுலதான் இது முட்டை வெக்கும். கோசுல முட்டை வெக்கற வெள்ளை வேற. அது ஊட்டிப் பக்கம் மலையில இருக்கறதுங்க. றெக்கை நுனி கருப்பா, நடுவுல ஒரு கரும்பொட்டு வெச்சிருக்கும். உங்க எதிரி இங்க இருக்கறான்!" என்று ஒரு இலையைத் திருப்பினார். ஆளைக் கண்டதும் அரிசி அளவு சாம்பல் பூச்சி ஒன்று குபுக்கென்று பறந்து அடுத்த செடியில் ஒட்டிக்கொண்டது. பொன்னுச்சாமி அண்ணன் பேட்டைத் தாழ்த்தி, "இத்தனூண்டா!" என்றார். இவ்வளவு நாள் தப்பான ஆளை அடித்துக்கொண்டிருந்தது அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

டாக்டரை அதற்கப்புறம் பிடிக்க முடியவில்லை. குட்டிக் கண்ணாடியை இலைக்கு அடியில் விட்டு, "இதோ சொத்தை! இதோ இன்னொண்ணு!" என்று வரிசை வரிசையாகப் போனார். இலைக்கடியில் வெள்ளை வெளேரென்று, பஞ்சை உருட்டி ஒட்டியது மாதிரி சின்னச் சின்னக் கூடுகள் இருந்தன. "இதுதானுங்க அதோட கூடு! மருந்தே வேண்டாம். இதைப் பூராம் பொறுக்கி எரிச்சுப்போடுங்க, வம்சமே அழிஞ்சுபோகும்!" என்றார். கொக்கரிப்பு என்றே சொல்லலாம். சரசக்கா, பொன்னுச்சாமி அண்ணன், வேலைக்கு வந்த பெண்கள், புழுவைக் கண்டால் நாற்காலி ஏறும் நான், எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். ஒரு வாளி சேர்ந்தது. மேலே, காயத்துக்குக் கட்டுவதற்காக டாக்டர் வைத்திருந்த காஸ் துணியைக் கட்டினோம். "செவ்வாக்கெழமை மிச்சத்தையும் பொறுக்கிச் சேத்துப் பத்தவெச்சுப்போடறேனுங்க" என்றார் அண்ணன். வைரமுதுகு பிறப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமென்று டாக்டர் கொஞ்சம் கூடுகளை டப்பாவில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. நாற்காலியில் பாய். இன்றைக்கு வேர் வரைக்கும் போய் முடித்துவிடுவது என்று டாக்டர் கங்கணம் கட்டிக்கொண்டு, தட்டில் கருவிகளை அடுக்கி, பக்கத்திலேயே அந்த டப்பாவையும் வைத்திருந்தார். வேலை மும்முரமாக நடந்தது. திடீரென்று பாய், "ஆ, ஆ" என்றார்.

"வலிக்குதுங்களா பாய்?" டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

"ஆ! ஆ!" பாய் கையை நீட்டினார்.

"இன்னும் வலிக்குதா? இருங்க." அடுத்த ஊசியை எடுத்தார்.

பாய் ஊசிக்குப் பயந்து டாக்டரின் தலையைப் பிடித்து டப்பாப் பக்கம் திருப்பினார். டப்பாவுக்குள்ளே அந்துப்பூச்சி இல்லை. இறக்கை முளைத்த எறும்பு மாதிரி, குட்டிக் குட்டிக் கருப்புக் குளவிகள், வெள்ளைக் கூட்டின் மூடியைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாக வெளியே நடந்து வந்துகொண்டிருந்தன.

டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மணி," என்றார் மெதுவாக, "வைரமுதுகோட கூடு வலையாட்டம் இருக்கும். உள்ளுக்குள்ள பச்சைக் கூட்டுப்புழு தெரியும். இது மூடின பஞ்சு. இது புழுவுக்குள்ள முட்டை வெச்சு, அதைத் தின்னு, வெளிய வந்து கூடு கட்டற குளவி. நம்ம ஆளு. புஸ்தகப் படத்துல எத்தனை தடவை பாத்திருக்கறேன்! சந்தோசத்துல கண்ணு மறைச்சுப்போச்சு. அந்தம்மாவுக்காகச் சண்டை போட இருந்த பட்டாளத்தை வாளியில புடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டனுங்களே!"

நான் போனைப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, எடுக்க ஆளில்லை. தோட்டத்தில் இருக்கும்போது அண்ணனின் போன் மோட்டார் ரூமில் சட்டைப் பையில் தொங்கும். சரசக்கா போனோ சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. டாக்டர் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

"டாக்டர், பாய்?" என்றேன்.

"பேசண்ட்டைப் பாதியில உடப்படாதுங்க. கூட்டிட்டுப் போயிருவோம்."

அப்படித்தான் வாய் நிறையப் பஞ்சும், கழுத்தில் நீல ஏப்ரனுமாக, ஜவுளிக்கடை பாய் மேட்டுப்பாளையம் ரோட்டில் பின் சீட்டில் வந்தார். டாக்டர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சிக்னலில் நின்ற ஒரு போலீஸ்காரர் குனிந்து பாயைப் பார்த்தார், வீங்கிய வாயைப் பார்த்தார், "அவசரமுங்களா? போங்க போங்க" என்று வழி விட்டுவிட்டார்.

தோட்டத்துக்குள் கார் நுழையும்போதே புகை தெரிந்தது. காய்ந்த இலைக் குவியல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பொன்னுச்சாமி அண்ணன், கையில் வாளி. டாக்டருக்கு சீட் பெல்ட் கழற்ற வரவில்லை. எனக்குக் கதவு திறக்கவில்லை. முதலில் இறங்கி ஓடியவர் பாய். நீல ஏப்ரன் பறக்க, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, பஞ்சு வாயோடு, "ஊஊஊ!" என்று கத்திக்கொண்டு வந்த அந்த உருவத்தைப் பார்த்த பொன்னுச்சாமி அண்ணன், "அய்யோ சாமி!" என்று வாளியைப் போட்டுவிட்டுப் பாத்திக்குள் தாவினார்.

வாளி உருண்டது. காஸ் துணி விலகியது. முன்பே பிறந்து உள்ளே அடைபட்டிருந்த குளவிகள் கருப்பு மிளகைத் தூவினாற்போல் குபீரென்று எழும்பி, கோசுச் செடிகள் மேல் இறங்கின.

"அடடா, கொசு!" என்று அண்ணன் இடுப்பில் செருகியிருந்த பேட்டை உருவினார். அதற்குள் ஓடிவந்த டாக்டர் பேட்டுக்கும் குளவிக்கும் நடுவே நின்றுகொண்டார்.

"என்னை வேணும்னா அடிங்க. இதுக நம்மாளுங்க. தப்பு எம்மேலதானுங்க. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். உங்களுக்கு ஒத்தாசை பண்ற பூச்சியைப் போயி பொறுக்கச் சொல்லிட்டேன்."

பொன்னுச்சாமி அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, அப்போதுதான் ஓடிவந்த சரசக்காவின் கன்னத்தைப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், அப்ப இவளுக்குப் புடுங்கினது மட்டும் சரியான பல்லுதானுங்களா?"

பாய் பஞ்சோடு சிரித்ததில் பஞ்சு பாத்தியில் போய் விழுந்தது.

"வெள்ளிக்கெழமை ரொட்டவேட்டருக்குச் சொல்லியாச்சு" என்று அண்ணன் சிரிக்காமல் ஆரம்பித்தார். "இனிமேலு இவரு பேச்சைக் கேட்டுட்டு..."

"வண்டிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறனுங்க" என்றார் சரசக்கா. "தப்புன்னு தெரிஞ்ச மறு நிமிசம் பேசண்ட்டையும் கார்ல தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்திருக்கறாரு. தப்பே பண்ணாத மாதிரி பேட்டைத் தூக்கிட்டு நிக்கறவங்களை நம்பறதுக்கு இவரை நம்பலாமுங்க. இது நான் போட்ட வெள்ளாமை. நான் பாத்துக்கறேன்."

அண்ணன் பேட்டைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டார். மிச்சமிருந்த கூடுகளை நாங்கள் எல்லோரும் சேர்ந்து செடிகளுக்கடியில் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். குளவியைக் கொல்லாத வேப்பங்கொட்டைக் கரைசலை மட்டும் அடிப்பது என்று முடிவானது. பாயின் ரூட் கெனாலில் அன்றைக்கும் பஞ்சுதான்.

அப்புறம் தினமும் காலையில் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, "சரசக்கா போன் பண்ணுனாங்களா?" என்பதுதான். அவ்வளவு பெரிய மனுஷர் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடப்பார். ஒருநாள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னுச்சாமி அண்ணன். பின்னால் சரசக்கா. மூட்டையைப் பிரித்தால் கோசு! வெளி இலைகள் சல்லடை. உள்ளே கல் மாதிரி கெட்டி. வெயிட்டிங் ரூமே கை தட்டியது.

"அடுத்த போகத்துக்குக் காலிஃபிளவர் போடறேனுங்க டாக்டர்" என்றார் சரசக்கா, வாயை நன்றாகத் திறந்து.

"அவ சொன்னா சரிதானுங்க" என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நான் டாக்டரைப் பார்த்தேன். மனிதர் கண் கலங்கி நிற்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோசாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசிக் கோசையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "ஒண்ணுகூட இல்லீங்களே அம்மணி" என்றார்.

அன்று மாலை பாயின் ரூட் கெனால் முடிந்தது. கவனத்தைக் கலைக்க ஒரு புழுகூட இல்லை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். புழுவைக் கண்டால் இன்னும் நாற்காலி ஏறுகிறேன். ஆனால் காய்கறிக் கடையில் எல்லோரும் ஓட்டை இல்லாத கோசைப் பொறுக்கும்போது, நான் ஓட்டை விழுந்ததாகப் பார்த்து எடுத்து வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் இலையைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்புவேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு பாவப்பட்ட மனிதர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார் என்று தெரியும். அடுத்த நொடியே போன் வந்துவிடும்: "அம்மணி! எப்புடி நடக்குது?"

அந்தக் குரலைக் கேட்பதற்காகத்தான் வீட்டில் கோசு பொரியலே செய்கிறேன்.